பழைய சுரங்க மலையில் நிலம் வாங்கும் முன்

பத்திரத்தில் முதலில் கனிம உரிமையைப் பாருங்கள். மேல்நிலம் ஒருவருக்கும் அடியிலுள்ள கனிமம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருந்தால், அவர் நாளை தோண்ட வரலாம். பாதை உரிமையும் எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல்லை நம்பி மலையேறாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். இதில் அவசரமே கூடாது. ஓடைக் கற்களில் ஆரஞ்சு நிறச் சேறு படிந்திருந்தால், மேலே எங்கோ பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாதுவில் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகிறது என்று சந்தேகியுங்கள். அது பாறையின் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு வரும். தெளிந்த நீரிலும் ஏமாறலாம்: ஆர்செனிக் என்ற நச்சுக்கு நிறமோ வாடையோ கிடையாது. ஆய்வகம் தரும் புட்டியிலேயே மாதிரி பிடித்து ஆர்செனிக், ஈயம், காட்மியம், பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். வறண்ட காலத்தில் ஒருமுறை, பெருமழையோ பனி உருகலோ முடிந்ததும் ஒருமுறை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆர்செனிக் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்றி, செறிவுதான் கூடும்.

புல்கூட முளைக்காத கழிவு மேட்டில் வீடோ காய்கறிப் பாத்தியோ வேண்டாம். வட்டமாகக் குழிந்த தரைக்கு அடியில், மக்கிய பலகை மூடிய செங்குத்துக் குழி இருக்கலாம். வேலி போட்டு விலகியிருங்கள். பழைய சுரங்கவாய்க்குள் நுழையவே கூடாது. ஆக்சிஜன் குறைந்த காற்று முன்னறிவிப்பின்றி மயக்கிவிடும்.