டிஃப்யூஷன் எம்ஆர்ஐ அளவைக் கொண்டு மருந்துச் சோதனைக்கு எத்தனை பேர் தேவை எனக் கணக்கிடும் முறை

மூளையின் சிறு இரத்தக்குழாய் நோய் மெல்ல முற்றுவதால், நினைவாற்றல் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் நம்பி ஓரிரு ஆண்டுகளில் ஒரு மருந்தின் பயனைக் கண்டறிவது கடினம். மூளையில் நரம்பிழைகள் நிறைந்த பகுதியான வெண்பொருளில் நீர் மூலக்கூறுகள் பரவும் விதத்தை அளக்கும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ குறைந்த காலத்திலேயே மாற்றத்தைக் காட்டக்கூடும் என்பதால், அதன் அளவுகளை வைத்துச் சோதனைகள் திட்டமிடப்படுகின்றன.

முதலில், எந்த அளவை எடுப்பது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். எஃப்ஏ என்னும் திசைச்சார்பு அளவு, நரம்பிழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் சேதம் இல்லாமலே குறைந்து காணப்படும். ஆகவே இங்கே எம்டி என்னும் சராசரிப் பரவலை எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, இதே வகை நோயாளிகளை இருமுறை ஸ்கேன் செய்த பழைய தரவிலிருந்து, ஓராண்டில் ஏற்பட்ட மாற்றத்தின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கணக்கிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: முதல் ஸ்கேனின் திட்டவிலக்கத்தை எடுத்துச் சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் இருக்கும் நிலையான வேறுபாடு கழித்தலில் நீங்கிவிடும் என்பதால், மாற்றத்தின் திட்டவிலக்கமே நமக்கு வேண்டியது.

மருந்து பெறுவோர், பெறாதோர் என இரு சமக் குழுக்கள், 5% பிழை வரம்பு (பயனற்ற மருந்தைப் பயனுள்ளதெனத் தவறாகக் கருதும் வாய்ப்பு), 80% கண்டறியும் திறன் (உண்மையான பயனைத் தவறவிடாமல் காணும் வாய்ப்பு) எனக் கொண்டால் சூத்திரம் இது:

ஒரு குழுவுக்கு வேண்டியவர்கள் = 15.7 × (மாற்றத்தின் திட்டவிலக்கம் ÷ எதிர்பார்க்கும் வேறுபாடு)²

இதில் 15.7 என்பது 2 × (1.96 + 0.84)². திறன் 90% வேண்டுமானால் அது 21 ஆகும்.

விளக்கத்துக்காக, ஆண்டு மாற்றம் 0.010, திட்டவிலக்கம் 0.012 (அலகு 10⁻³ சதுர மி.மீ./விநாடி) என்று வைத்துக்கொள்வோம். மருந்து இந்த மாற்றத்தில் 25% தடுக்கும் என்றால் வேறுபாடு 0.0025, ஒரு குழுவுக்கு 362 பேர் தேவை. 50% தடுக்கும் என்று நம்பினால் 91 பேர் போதும். ஆனால் அவ்வளவு வலுவான மருந்தை எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஆசையே தவிரக் கணக்கல்ல.

வயதாவதால் நலமுள்ளவர்களிடமும் எம்டி உயர்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்த இயல்பான உயர்வு 0.004 எனில், மருந்து தொடக்கூடியது மீதமுள்ள 0.006 மட்டுமே, அதில் 25% என்பது 0.0015 ஆகிவிட, எண்ணிக்கை 1,005க்குத் தாவுகிறது. எந்த அனுமானத்தில் கணக்கிட்டீர்கள் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தருவது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

எண்ணிக்கையைக் குறைக்க நேர்மையான வழி, காலத்தை நீட்டுவதும் அளவீட்டுப் பிழையைக் குறைப்பதும்தான். ஈராண்டில் மாற்றம் 0.020 ஆக இரட்டிக்கும்போது, ஸ்கேனரால் வரும் பிழை அதனோடு சேர்ந்து வளராது, திட்டவிலக்கம் 0.015 வரை மட்டுமே ஏறினால், வயதின் பங்கைக் கழிக்காத முதல் கணக்கின்படி (25% தடுப்பு, வேறுபாடு 0.005) ஒரு குழுவுக்கு 142 பேர் போதும். இடையில் 15% பேர் விலகுவார்கள் எனில், 0.85ஆல் வகுத்து 168 எனக் கொள்ளுங்கள். நடுவழியில் ஸ்கேனரையோ மென்பொருளையோ மாற்றினால் இந்தச் சேமிப்பு கரைந்துவிடும்.

கடைசியாக, பழைய தரவின் நோயாளிகளை மீள்தேர்வு (bootstrap) முறையில், ஒருமுறை எடுத்தவரே மீண்டும் வரலாம் என்றபடி, அதே எண்ணிக்கையில் ஆயிரம் முறை குலுக்கி எடுத்து, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, 95% இடைவெளியைக் குறியுங்கள். பழைய தரவு சிறியதாக இருந்தால் அந்த இடைவெளி மிக அகலமாக இருக்கும்; அப்போது நடு மதிப்பை விட்டு மேல் எல்லைக்கு அருகில் திட்டமிடுவதே பாதுகாப்பானது.