அடுக்களைப் புகைபோக்கியை மழைக்கு முன்பே சுத்தம் செய்யும் முறை

குமரி மாவட்டத்தில் கேஸ் அடுப்பு வந்துவிட்ட பிறகும், வெந்நீர் போடவும் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிக்கவும் விறகடுப்பை விடாமல் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். தோப்பில் விழும் கொதும்பும் (தென்னம்பாளையும்) மட்டையும், பால் வற்றியதால் வெட்டிய ரப்பர் மரத்தின் கிளைகளும் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது அது இயல்புதான். ஆனால் அடுப்பை நாள்தோறும் துடைத்து மெழுகும் வீட்டிலும், ஓட்டைத் தாண்டி மேலே போகும் புகைபோக்கியை ஆண்டுக்கணக்கில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் பெய்யும் ஊரில் விறகு நன்றாகக் காய்வது கடினம். ஆபத்து அந்த ஈரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஈர விறகு எரியும்போது அடுப்பின் சூட்டில் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதற்கே செலவாகிவிடுவதால், விறகு முழுமையாக எரியாமல் புகைகிறது. அந்தப் புகையிலுள்ள தார், குளிர்ந்திருக்கும் உட்சுவரைத் தொட்டதும் அங்கேயே படிகிறது. அடுப்பு அணைந்து ஆறிய பின் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நேராகப் பார்க்க முடியாவிட்டால் ஒரு முகக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடிக்கலாம். பிறகு ஓர் ஆணியால் சுவரைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். கரி பொடியாக உதிர்ந்தால் பெரிய கவலை இல்லை. மெழுகு பூசியதுபோல் கறுத்து மினுங்கி, ஆணிக்கும் எளிதில் பெயராமல் செதிலாக உடைந்தால், அது தீப்பிடிக்கும் தார். படிவு 3 மில்லிமீட்டர் கனத்தை எட்டியிருந்தால் எதுவானாலும் சுத்தம் செய்தே ஆக வேண்டும். இறுகிப்போன தாரைத் தும்பால் (தேங்காய் நாரால்) தேய்த்து எடுக்க முடியாது. அதற்குக் கம்பி பிரஷ்ஷும் அனுபவமுள்ள கொத்தனாரும் தேவை.

மே மாதத்தில், மழை தொடங்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. மழை நனைத்த ஓட்டில் பாசி படிந்திருக்கும். அதன் மேல் ஏறுவதைவிட ஒரு வாரம் அடுப்பு மூட்டாமல் இருப்பதே மேல். முந்தைய நாளே அடுப்பை அணைத்து, சாம்பலை முழுவதும் வாரிவிட்டு, அடுப்பு வாயை நனைத்த சாக்கினால் மூடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். புகைபோக்கியின் அகலத்துக்குத் தும்பை இறுகக் கட்டி, ஒரு முனையில் கயிறும் மறுமுனையில் சிறு கல்லுமாக இணைத்து, மேலிருந்து இறக்கி ஏற்றித் தேய்த்தால் பொடிக்கரி நன்றாகவே உதிரும். ஏணியை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உதிர்ந்த கரியையும் சாம்பலையும் மூடியுள்ள தகர வாளியில்தான் அள்ள வேண்டும், ஏனெனில் சாம்பலுக்குள் கனல் ஓரிரு நாள்கூட அணையாமல் கிடக்கும். ஆறிய விறகுச் சாம்பலைத் தென்னை மூட்டில் போடலாம்.

தேய்த்தபின் உட்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டைத் தாங்கும் கழுக்கோலும் (சாய்வுச் சட்டமும்) பட்டியலும் (குறுக்குச் சட்டமும்) மரமாக உள்ள வீட்டில், ஒரு சிறு வெடிப்பின் வழியே வரும் சூடே மரத்தை ஆண்டுக்கணக்கில் கருக்கி, ஒருநாள் பற்றவைத்துவிடும். வெறும் சிமென்ட் பூச்சு சூட்டில் வெடித்துவிடுமாதலால், அடைப்பதற்குச் சூடு தாங்கும் தீமண் கலவையே ஏற்றது. அடுப்புக்கு நேர்மேலே பரணில் கொதும்பும் தொண்டும் (தேங்காய் மட்டையும்) அடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். விறகைக் கூரையுள்ள காற்றோட்டமான இடத்தில் பிளந்து அடுக்கினால் போதும். தீ மூட்ட ஒட்டுப்பாலோ (மரத்தில் உறைந்த ரப்பர் பாலோ) டியூப் துண்டோ போடவே கூடாது. ரப்பர் எரியும்போது எழும் அடர்ந்த கரும்புகை, நீங்கள் பாடுபட்டுத் தேய்த்த சுவரை மீண்டும் மூடிவிடும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று வீசும் மாதங்களில் புகை உள்ளே திரும்புகிறதென்றால், புகைபோக்கியின் உயரம் போதவில்லை என்று கொள்ளலாம். அது கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடிக்குள் உள்ள எந்தக் கூரைப்பகுதியையும்விட 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும். உச்சியில் மூடியும், பறவை கூடு கட்டாதபடி வலையும் தேவை. குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடுவதால் துருப்பிடிக்காத எஃகையே வாங்குங்கள்.

மின்சாரச் சிம்னி உள்ளவர்கள், வடிகட்டித் தகட்டை 2 வாரத்துக்கொரு முறை வெந்நீரிலும் சோப்பிலும் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் போதும். எண்ணெய்ப் பிசுக்கும் எரியும் என்பதை மறக்க வேண்டாம்.

கொசுவுக்கும் மழைச்சாரலுக்கும் பயந்து வெண்டிலேட்டரை அட்டையால் அடைப்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கைக்குழந்தைக்குச் சாம்பிராணி போடும் சிரட்டைக்கனலை, கதவடைத்த அறையில் விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. அடுப்பெரியும்போது தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானதால், அந்த அடுப்புள்ள அடுக்களையில் தரையை ஒட்டியும் ஒரு துவாரம் வேண்டும்.

புகைபோக்கிக்குள் இரைச்சல் கேட்டு, உச்சியிலிருந்து தீப்பொறி பறந்தால் தார் பற்றிவிட்டது என்று பொருள். கொதித்திருக்கும் சுவரில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கும். முடிந்தால் அடுப்பு வாயைத் தகரத்தால் மூடிவிட்டு, எல்லோரையும் வெளியேற்றி, 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தீ தானாக அணைந்தாலும், உட்சுவரையும் கூரை மரங்களையும் கொத்தனார் பார்த்துச் சொல்லும்வரை அந்த அடுப்பை மூட்டாதீர்கள்.