லீவில் ஊருக்குப் போனாலும் மாத்திரைக்கு லீவு கிடையாது

எச்ஐவியோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களில் சிலருக்கு ஊருக்குப் போகும்போது வைரஸைவிட வீட்டு ஆட்களிடம்தான் பயம். "என்னப்பா தினமும் மாத்திரை போடுறே?" என்று அம்மா கேட்டுவிடுவார் என்றே லீவு முழுக்க மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும், பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம். "டாக்டர் தினமும் போடச் சொல்லியிருக்கார்" என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லையே.

தங்கும் நாட்களுக்கு மேல் ஒரு மாத மருந்தைக் கூடுதலாக, டப்பாவோடு, கைப்பையில் வையுங்கள். மருந்துப் பெயர் எழுதிய டாக்டர் கடிதமும் வேண்டும். டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து சாப்பிடுபவர்கள் கல்யாண விருந்து முடிந்து ஜெலுசில் தேடும்போது கவனம்: அது மருந்தை உடலில் சேரவிடாது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். முதலில் ஜெலுசில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

வளைகுடாவில் விசா மெடிக்கலில் எச்ஐவி இருப்பது தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கதை வேறு. வேலை போய், கடன் அப்படியே நிற்கும். அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம், அதாவது எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம். மறுபரிசோதனை இலவசம். உறுதியானால் ஏ.ஆர்.டி. (எச்ஐவி கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் மருந்தும் இலவசம். தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் 2004 முதலே தருகிறார்கள். வழி தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் போன் செய்யுங்கள்.

அப்புறம் மனைவி. இதுதான் கஷ்டமான பேச்சு. நெருங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தனியாக முடியாது என்றால் மையத்தின் ஆலோசகர் முன்னால் சொல்லலாம். ஏற்கெனவே நெருங்கியிருந்தால் 72 மணி நேரத்துக்குள் அவருக்குத் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். ஒழுங்காக மருந்து எடுத்து, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவில் பரவாது. தொற்றில்லாத குழந்தையும் பிறக்கும். வீட்டில் பெண் பார்த்து வைத்திருந்தால், நிச்சயத்துக்கு முன்பே அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கணவர் வெளிநாட்டிலேயே இறந்து, "உன்னால்தான்" என்று புகுந்த வீட்டார் துரத்தும் பெண்களும் உண்டு. 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டப்படி, அவர் கணவரோடு வாழ்ந்த வீட்டிலிருந்து அவரை வெளியேற்ற முடியாது. வழக்கு என்று வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம்.