கல்லூரி பேஸ்பால் சீசனைப் பின்தொடர்வது எப்படி: பிட்சர் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றைப் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை பின்தொடர நினைத்தால், வெற்றி தோல்விப் பட்டியல் மட்டும் போதாது. எந்தப் பிட்சர் (பந்து வீசுபவர்) எந்தக் கிழமை எத்தனை பந்து வீசினார் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். ஞாயிறு ஆட்டம் ஏன் கைநழுவியது என்பதற்கான காரணம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை கணக்கிலேயே எழுதியிருக்கும்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் முதல் டிவிஷனில் ஓர் அணி முறையான சீசனில் அதிகபட்சம் 56 ஆட்டங்கள் ஆடலாம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே எதிரணியோடு சீரிஸ். நடுவில் செவ்வாய் அல்லது புதன்கிழமை பக்கத்து ஊர் அணியோடு ஓர் ஆட்டம். இதுதான் ஒரு வாரத்தின் வழக்கமான அமைப்பு. தெற்கத்திப் பல்கலைக்கழகங்களின் குழுவான எஸ்இசி கான்ஃபரன்ஸில் பத்து வார இறுதிகளில் 30 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் நடக்கும். அணியின் மிகச் சிறந்த பிட்சர் வழக்கமாக வெள்ளிக்கிழமை ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர்.

ஒரு நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ எடுத்து, இடப்பக்கம் பிட்சர் பெயர்களையும் மேலே தேதிகளையும் எழுதுங்கள். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வீசிய பந்துகளின் எண்ணிக்கையை மட்டும் கட்டத்தில் நிரப்புங்கள். ஓய்வுக்கு அளவுகோலாக, 19 முதல் 22 வயதினருக்கான ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதலை வைத்துக்கொள்ளலாம்: 30 பந்து வரை ஓய்வு தேவையில்லை; 31–45க்கு ஒரு நாள்; 46–60க்கு இரண்டு; 61–80க்கு மூன்று; 81–105க்கு நான்கு; அதற்கு மேல் ஐந்து நாள். கல்லூரிப் பயிற்சியாளர்களை இது கட்டுப்படுத்தாது. என்சிஏஏவில் பந்து வரம்பு என்று விதி எதுவும் இல்லை. ஆனால் யார் களைப்போடு பந்து வீசும் மேட்டில் ஏறுகிறார் என்று பார்க்க இதைவிட எளிய கருவி கிடையாது.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை வீசும் குளோசரை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியன்று 38 பந்து வீசியவர் சனிக்கிழமை உட்கார்ந்துவிட்டு ஞாயிறு வரலாம். அதே குளோசரை எட்டாவது இன்னிங்ஸிலேயே இறக்கி 50 பந்து வீச வைத்துவிட்டால், அந்த சீரிஸில் அவர் கதை முடிந்தது. ஞாயிறு ஒரே ஓட்டம் முன்னிலையில் இருக்கும்போது, மூன்றாம் நிலை மாற்று பிட்சர், அதாவது ரிலீவர்தான் பந்தை வாங்குவார். ‘புல்பென் (மாற்று பிட்சர்கள்) சொதப்பிவிட்டது’ என்று ரசிகர்கள் திட்டும் ஆட்டங்களில் பாதி இப்படித்தான் உருவாகின்றன.

ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலான பாக்ஸ் ஸ்கோரில் பிட்சருக்கு 5.2 இன்னிங்ஸ் என்று இருந்தால் ஐந்து இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும் என்று பொருள்; மூன்று அவுட் ஓர் இன்னிங்ஸ். கிரிக்கெட்டில் 5.2 ஓவர் எழுதுவது போலத்தான். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஏர்ண்ட் ரன் (ஃபீல்டர்களின் பிழையால் வராத ஓட்டம்) கொடுத்தார் என்ற சராசரிதான் இஆர்ஏ; அதைக் கணக்கிடும்போது இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 5.2 இன்னிங்ஸில் 2 ஏர்ண்ட் ரன் கொடுத்திருந்தால், 2ஐ 9ஆல் பெருக்கி 5.667ஆல் வகுக்க வேண்டும், விடை 3.18. அலுமினிய மட்டை ஆடும் கல்லூரி ஆட்டத்தில் அணியின் இஆர்ஏ 5ஐத் தாண்டுவது சாதாரணம் என்பதால், 4க்குக் கீழே இருக்கும் ஸ்டார்ட்டரை நல்லவர் என்றே எண்ணலாம்.

இஆர்ஏவைவிட நான் முதலில் பார்ப்பது பந்து–ஸ்ட்ரைக் எண்ணிக்கையை; அடிக்கும் பகுதிக்குள் போன பந்தும், மட்டையாளர் மட்டை வீசிய பந்தும் ஸ்ட்ரைக். 94 பந்தில் 61 ஸ்ட்ரைக் என்றால் 65 சதவீதம், நல்ல நாள். 60க்குக் கீழே போனால் வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கூடும், பந்து எண்ணிக்கை ஏறும், ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் புல்பென் எழுந்து நிற்கும். இன்னிங்ஸுக்கு 15, 16 பந்து ஆரோக்கியம். முதல் இரண்டு இன்னிங்ஸிலேயே 45 போய்விட்டால், அந்தக் களைப்பின் விலையைச் செவ்வாய்க்கிழமை வரை அணி கொடுக்கும்.

பிப்ரவரிப் பட்டியலை நம்பி முடிவெடுக்காதீர்கள். வட மாநில அணிகள் குளிர் காரணமாக முதல் சில வாரங்கள் தெற்கே போய் வெளியூரிலேயே ஆடும். அவற்றின் 6–8 (6 வெற்றி, 8 தோல்வி), சொந்த மைதானத்தில் எளிய எதிரிகளோடு ஆடிய தெற்கத்தி அணியின் 12–2ஐவிட மோசம் என்று சொல்லிவிட முடியாது. எதிரிகளின் பலத்தையும் சேர்த்து அணிகளை மதிப்பிடும் ஆர்பிஐ என்ற தரவரிசை இதைத்தான் சரிக்கட்டப் பார்க்கிறது: சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரிகளின் விகிதத்துக்கு 50, எதிரிகளின் எதிரிகளுக்கு 25. 2013இல் வந்த திருத்தப்படி வெளியூர் வெற்றிக்கு எடை 1.3, உள்ளூர் வெற்றிக்கு 0.7, தோல்விக்கு அது அப்படியே தலைகீழ். உள்ளூரில் 26–6, வெளியூரில் 6–8 ஆடிய அணிக்கு நேரடி விகிதம் .696; எடை சேர்த்தால் .660. உள்ளூரில் ஒரு பலவீனமான அணியிடம் செவ்வாய்க்கிழமை தோற்பது ஏன் அவ்வளவு வலிக்கிறது என்று இப்போது புரியும்.

சீசனின் கடைசி வாரத்தில் பல கான்ஃபரன்ஸ்கள் சீரிஸை வியாழனுக்கு நகர்த்தும். ஸ்டார்ட்டருக்கு வழக்கமான ஆறு நாள் ஓய்வு ஐந்தாகும். முந்தைய வெள்ளி 110 பந்து வீசியவரா என்று உங்கள் தாளைப் பாருங்கள். அடுத்து வரும் கான்ஃபரன்ஸ் போட்டியில் பெரிய பிட்சர் மூன்றே இன்னிங்ஸில் வெளியேறினால் பதறாதீர்கள். பெரும்பாலும் அது அடுத்த வாரத்துக்கான சேமிப்பு.

மே இறுதியில் தேசியப் பட்டத்துக்கான போட்டியில் ஆடும் 64 அணிகளின் பெயர் வரும். 16 ஊர்களில் ஊருக்கு நான்கு அணிகள்; இரண்டு தோல்வியில் வெளியே. நோட்டு மிகவும் உதவுவது இந்த ரீஜனலில்தான். தோற்காமல் போனால் மூன்று ஆட்டத்தில் முடிந்துவிடும். முதல் நாளே தோற்றால், வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாளில் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். அதாவது குறைந்தது 45 இன்னிங்ஸ் அளவுக்குப் பந்துவீச்சைத் தயார் வைத்திருக்க வேண்டும். சில பயிற்சியாளர்கள், நான்கில் கடைசித் தரவரிசை பெற்ற நான்காம் நிலை அணிக்கு எதிராக முதல் ஆட்டத்தில் இரண்டாவது ஸ்டார்ட்டரை இறக்கி, சிறந்தவரைச் சனிக்கிழமைக்கு ஒதுக்குவார்கள். அது பெரிய சூதாட்டம் என்பது என் கருத்து. 2008இல் நான்காம் நிலை அணியாக நுழைந்த ஃபிரெஸ்னோ ஸ்டேட் பட்டமே வென்றது. 2022இல் கடைசி ஆளாகத் தேர்வான ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியும் வென்றது.

அடுத்த வாரம் சூப்பர் ரீஜனல்: இரண்டு அணிகள் மோதும், மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்ல வேண்டும். பிறகு எட்டு அணிகள் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில். 1950 முதல் கல்லூரி உலகத் தொடர் அங்கேதான் நடக்கிறது. இறுதிப் போட்டியும் மூன்றில் இரண்டு என்பதால், முதல் ஆட்டத்தில் ஸ்டார்ட்டர் ஒருவரே ஒன்பது இன்னிங்ஸும் வீசினால் மொத்த புல்பென்னும் புதிதாக இரண்டாவது ஆட்டத்துக்கு வரும். 2025இல் கோஸ்டல் கரோலினாவுக்கு எதிராக எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியின் கேட் ஆண்டர்சன் 130 பந்துகளில் 1–0 என்று முடித்தார். மறுநாள் எல்எஸ்யு பட்டத்தை எடுத்துக்கொண்டது. முதல் இறுதி ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் ஸ்டார்ட்டர் இன்னும் மேட்டில் நிற்கிறாரா என்று பார்த்து, அவரது எண்ணை உடனே கட்டத்தில் எழுதிவிடுங்கள்.