பழைய கேம் திறந்த உடனே மூடுகிறதா? இவற்றைச் செய்யாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டருக்கு என்ன வருத்தம் வந்தாலும் முதலில் சொல்லப்படும் வைத்தியம் "விண்டோஸ் அடிச்சுப் பாரும்", அதாவது விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடு என்பதுதான். பழைய கேம் விஷயத்தில் இது வீண் செலவு. புதிதாக அடித்த விண்டோஸில் அந்தக் கேம் தேடும் பழைய ஃபைல்கள் இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

எது விழுந்தது என்று பார்க்காமல் எதிலும் கை வைக்காதீர்கள். விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் இவென்ட் வியூவரை ஸ்டார்ட்டில் தேடி, விண்டோஸ் லொக்ஸுக்குள் அப்ளிகேஷனைத் திறவுங்கள். கேம் மூடிய நேரத்துக்கு நேரே சிவப்புக் குறியோடு ஒரு வரி நிற்கும். அதற்குள் 'ஃபோல்டிங் மொடியூல்' (Faulting module, பிழை விட்ட பகுதி) என்ற இடத்தில் ஒரு ஃபைலின் பெயர் இருந்தால், தேட வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

பெடியள் அதிகம் விடுகிற பிழை, கேம் ஓடத் தேவையான டிஎல்எல் என்ற துணை ஃபைல்கள் விஷயத்தில்தான். 'டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் இல்லை' என்று வந்ததும், அந்த ஒரு ஃபைலை ஏதோ ஒரு தளத்தில் இறக்கி சிஸ்டம்32க்குள் போட்டுவிடுவார்கள். வைரஸ் வரக்கூடும் என்பது ஒரு பக்கம். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்பது 64 பிட் ஃபைல்களுக்கான இடம். 32 பிட் ஃபைல்கள் சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருக்கும். பெயரைப் பார்த்தால் மாறித்தான் தோன்றும், என்ன செய்வது! இடம் மாறிப் போட்டால் 0xc000007பி என்ற புதுப் பிழையும் வரக்கூடும்.

அந்த ஃபைல் டைரக்ட்எக்ஸ் 9 என்ற மைக்ரோசொஃப்ட் கிராஃபிக்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. "என்னட்ட டைரக்ட்எக்ஸ் 12 கிடக்கு, பிறகேன் 9?" என்று கேட்பவர்களும் உண்டு. 12 இருந்தாலும் 9இன் இந்தத் துணை ஃபைல்கள் அதோடு வராது. மைக்ரோசொஃப்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பை இறக்குங்கள். 100 எம்பிக்குக் கிட்ட வரும். அதைத் திறந்ததும் ஒரு ஃபோல்டர் கேட்டு ஃபைல்களை விரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பலர் அத்தோடு முடிந்தது என்று எழும்பிவிடுகிறார்கள். விரித்த ஃபோல்டருக்குள் இருக்கும் டிஎக்ஸ்செட்டப்பை ஓடவிட்டால்தான் உண்மையில் இன்ஸ்டோல் ஆகும். கேம் விஷுவல் சி++ என்ற இன்னொரு மைக்ரோசொஃப்ட் துணைத் தொகுப்பைக் கேட்டால், உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றாலும் எக்ஸ்86 என்ற 32 பிட் பதிப்பையும் போடுங்கள். பழைய கேம்கள் பெரும்பாலும் 32 பிட்.

நேற்று வரை ஓடிய கேம் இன்று திறக்கவில்லை என்றால் கேமை அழித்துத் திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை. அநேகமாக செட்டிங்ஸ் ஃபைல்தான் பழுதாகியிருக்கும். விளையாடும்போது கரண்ட் போனாலே இது நடக்கக்கூடும். 2002இல் ஏ9 பாதை திறந்த காலத்து வைஸ் சிட்டி, 2005இல் கொம்பியூட்டருக்கு வந்த சான் அன்ட்ரியாஸ் என்ற ஜிடிஏ கேம்கள் இரண்டுக்கும் டொக்கியூமென்ட்ஸுக்குள் தனி ஃபோல்டர் உண்டு. அதில் '.செட்' என்று முடியும் ஃபைலை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். '.பி' என்று முடிபவை நீங்கள் சேமித்த ஆட்டங்கள். அவற்றைத் தொட்டால் மிஷன் எல்லாம் முதலிலிருந்துதான்.

கேமைப் பழைய விண்டோஸில் போல ஓடவிடும் கம்பாட்டிபிலிட்டி மோட், அட்மினாக ஓடவிடுவது இரண்டையும் பார்க்கலாம்தான். ஆனால் எல்லாப் பெட்டியிலும் ஒரேயடியாகச் சரி போட்டால், எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிறகு தெரியாது.

ஒறிஜினல் சீடி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். அந்தக் காலத்துக் கேம்கள் பலவற்றில் சீடியைக் கொப்பி அடிக்காமல் தடுக்கும் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு உண்டு. 2015இல் வந்த விண்டோஸ் 10இலிருந்து அதற்கான டிரைவரே கிடையாது. சீடியைத் துடைத்தாலும் டிரைவை மாற்றினாலும் அது திறக்காது. பூட்டை உடைத்த ஃபைல் ஒன்றை பென்டிரைவில் வாங்கி வந்து, அதற்காக வைரஸ் கார்டையும் நிறுத்திவிடுகிற பழக்கம் இங்கே பரவலாக உண்டு. அதற்குப் பதிலாக இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீமிலோ ஜிஓஜியிலோ அந்தக் கேம் இருக்கிறதா என்று பாருங்கள்; விலைக்கழிவு நாட்களில் பழைய கேம்கள் மலிவாகவே போகும்.