கன்சோலை முழுசாகப் பிழிந்தார்களா? இந்த வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது கேம் கன்சோல் வந்தால் போதும், ‘டெவலப்பர்கள் இதன் சக்தியில் பாதியைக்கூடத் தொடவில்லை’ என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) காலத்தில் நாங்கள் தொண்டை வறளப் போட்ட அதே சண்டை. பிராண்ட் வெறி போன்ற ஊரறிந்த தவறுகளை விட்டுவிடுகிறேன்.

டெராஃப்ளாப்ஸை மட்டும் பார்ப்பது

நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு போட முடியும் என்பதுதான் டெராஃப்ளாப்ஸ். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் சுமார் 12.15, பிஎஸ்5 சுமார் 10.28. ‘அப்படியும் பல கேம்கள் இரண்டிலும் ஒரே மாதிரி ஓடுகின்றனவே, சோம்பேறிகள்!’ என்பார்கள். அந்த எண், நிறம், ஒளி போன்றவற்றைக் கணக்கிடும் ஷேடர் யூனிட்டுகளின் உச்ச வேகம், அவ்வளவுதான். முக்கோணங்களைப் பிக்சலாக்கும் ராஸ்டரைசர் அதில் சேராது. அதற்குக் கடிகார வேகம் முக்கியம். அங்கே பிஎஸ்5 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், எக்ஸ்பாக்ஸ் 1.825.

‘50 சதவீதம்தான் பயன்படுத்துகிறார்கள்’

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எட்டிப் பார்க்க கிராஃபிக்ஸ் சிப் என்ன தண்ணீர்க் குடமா?

நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிசெகண்ட். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரில் அப்படி ஒரே ஒரு ஃப்ரேமைத் திறந்து பாருங்கள். நிழலுக்கான ஷேடோ மேப் வரையும்போது முக்கோணங்களைக் கையாளும் பகுதி மூச்சுத் திணறும், ஷேடர் யூனிட்டுகளில் பெரும்பாலானவை சும்மா கிடக்கும். அடுத்து, வரைந்த படத்துக்கு மெருகேற்றும் போஸ்ட் ப்ராசஸிங் வந்தால், மெமரியிலிருந்து டேட்டா வந்துபோகும் பாதை (மெமரி பேண்ட்வித்) அடைத்துக்கொள்ளும், ராஸ்டரைசருக்கு ஓய்வு. இதில் எதன் சதவீதத்தைச் சொல்கிறீர்கள்? சும்மா இருப்பவற்றுக்கு வேறு கணக்கை அதே நேரத்தில் கொடுக்கத்தான் அசிங்க் கம்ப்யூட் என்ற வசதி வந்தது. அதுவும் எல்லா இடைவெளியையும் அடைத்துவிடாது.

ஒரு ப்ராஜெக்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி, ‘அண்ணே, ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) 99 சதவீதம், பிழிஞ்சிட்டோம்’ என்று மீட்டரைப் பெருமையாகக் காட்டினார். அந்த ஃப்ரேமின் பதிவைத் (கேப்சர்) திறந்தால், முதலில் வரைந்தது தூரத்து மலை, அதை மறைத்துக் கட்டடம், கட்டடத்தையும் மறைத்து ஒரு சுவர். கடைசியில் கண்ணுக்கே தெரியாத பிக்சல்களுக்கெல்லாம் முழு லைட்டிங் கணக்கு நடந்திருக்கிறது. கிட்டே இருப்பதை முதலில் வரையும்படி வரிசையை மாற்றினோம். படம் அச்சு அசல் அதேதான். ஃப்ரேம் சீக்கிரம் முடிந்து, மீதி நேரம் சிப், திரை அடுத்த படத்துக்குத் தயாராகும் நொடிக்காக (விசின்க்) காத்துக்கொண்டிருந்தது. மீட்டரும் இறங்கிவிட்டது. தம்பிக்கு அதில் ஏமாற்றம் வேறு!

இந்தச் சதவீத மோகம் ரசிகர்களோடு நின்றால் பரவாயில்லை. டீமுக்குள் புகுந்தால் மிச்சமான மில்லிசெகண்டையெல்லாம் எஃபெக்ட் போட்டு நிரப்புவார்கள். அப்புறம் புகையும் வெடிப்பும் சேர்ந்து வரும் காட்சியில் ஃப்ரேம் ரேட் பொத்தென்று விழும், ரிலீஸுக்கு முன்னால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டியிருக்கும்.

கன்சோல் முழுசாக உழைக்கிறது என்பதற்கு ஃபேன் சத்தத்தையும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். ஹொரைசன் கேமின் மேப் திரையில் தன் பிஎஸ்4 ப்ரோ அவ்வளவு சூடாவதற்கு, அங்கே முக்கோணங்கள் குறைவாக இருப்பதே காரணமாக இருக்கலாம் என்று 2020இல் பிஎஸ்5 பற்றிய உரையில் அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி சொன்னார். ஒரு மேப் திரையை கன்சோலின் உச்சம் என்று யார் கொண்டாடப் போகிறார்கள்?

பிந்தைய கேமைக் காட்டி முந்தையதைத் திட்டுவது

2010இல் பிஎஸ்3க்கு வந்த காட் ஆஃப் வார் 3, விளிம்புகளின் பிசிறை நீக்கும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடமிருந்து பிடுங்கி, அந்த கன்சோலின் மெயின் சிப்பான செல் ப்ராசசரில் இருக்கும் எஸ்பியு எனும் துணைக் கோர்களிடம் கொடுத்தது. அருமையான வேலை. ஆனால் அதைக் காட்டி 2006 கேம்களை மட்டம் தட்டுவது அநியாயம். அப்படிப் பிசிறு நீக்கும் எம்எல்ஏஏ நுட்பத்தின் ஆய்வுக் கட்டுரையே 2009இல்தான் வந்தது.

பிக்சல் எண்ணுவது

ரெசல்யூஷனைக் கண்டுபிடிக்க ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பிக்சலை எண்ணுவார்கள். சுமைக்கு ஏற்ப ரெசல்யூஷன் மாறிக்கொண்டே இருக்கும் (டைனமிக் ரெசல்யூஷன்) கேமில், நிறுத்தி எண்ணிய அந்த ஒரு ஃப்ரேமுக்கு மட்டுமே விடை கிடைக்கும்.

ட்ரெய்லரை வைத்து வாதாடுவது

வேண்டாம்.