சென்னை - சிங்கப்பூர்: பன்னிரண்டு மணிக்கு மேல் கிளம்பும் விமானமும் மற்ற சொதப்பல்களும்

போன மாதம் மீனம்பாக்கத்தில் உள்ளே போகும் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு பையன், முதல் வேலைக்குப் போகிறான் போல. வழியனுப்ப அம்மா, அப்பா, சித்தப்பா என்று ஒரு வேன் நிறைய ஆள். வாசலில் இருந்த காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரும்பவும் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நேத்து ராத்திரியே போயிடுச்சே" என்றார். அதே வாசலில் அதே முழியோடு நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாஸ்போர்ட்டை மறக்காதே, சீக்கிரம் கிளம்பு என்பதெல்லாம் இதில் இல்லை. அதைச் சொல்ல உங்கள் வீட்டிலேயே நாலு பேர் இருப்பார்கள்.

தேதியைத் தப்பாகப் படிப்பது

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானங்களில் பல ராத்திரி நேரத்தில்தான், நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும். டிக்கெட்டில் 15ஆம் தேதி, 00:40 என்று போட்டிருக்கும். நம் பேச்சில் ராத்திரி என்பது அன்றைய பகலோடு சேர்ந்தது. பஞ்சாங்கத்திலேயே நாள் மாறுவது சூரிய உதயத்தில்தானே. ஆகவே 15ஆம் தேதி ராத்திரி கிளம்புகிறோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லி, அன்று பகல் முழுக்க முறுக்கு சுட்டுப் பெட்டி கட்டி, ஒன்பதரைக்கு ஏர்போர்ட் போய் இறங்கினால் விமானம் போய் இருபத்தோரு மணி நேரம் ஆகியிருக்கும். நீங்கள் போயிருக்க வேண்டியது 14ஆம் தேதி ராத்திரி, சாப்பிட்ட கையோடு.

என் கதையில் இன்னொரு பாதி உண்டு, எரிச்சல் இன்னும் போகாதது அதில்தான். விமானத்தை விட்டதும் சரி, தப்பு என்னுடையது என்று அடுத்த நாளைக்குப் புதிதாக ஒருவழி டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். முதலில் போக வர சேர்த்துக் கொடுத்ததைவிட அதன் விலை அதிகம். திரும்பி வரும் டிக்கெட்தான் கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். பத்தாம் நாள் சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட் கவுன்டரில் போய் நின்றால், உங்கள் பெயரே இல்லை என்கிறார்கள். போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிட்டால், அதே பிஎன்ஆரில், அதாவது அதே முன்பதிவு எண்ணில் இருக்கும் திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்களாம். அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் இந்த விதி உண்டு, டிக்கெட்டோடு வரும் பொடி எழுத்தில் இருக்கும், அதை யார் படிக்கிறார்கள்? ஒரே பயணத்துக்கு மூன்று டிக்கெட் வாங்கியவன் நான்.

எனவே டிக்கெட் கைக்கு வந்ததும் காலண்டரில் விமானத்தின் தேதியைக் குறிக்காதீர்கள், வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியையும் கிழமையையும் குறியுங்கள். கார் சொல்லும்போதும் அதே தேதிதான். சில ஆப்களில் 12:40 ஏஎம் என்று வரும், அது இன்னும் மோசம், நடுப்பகல் என்று படித்தவரையும் பார்த்திருக்கிறேன். பிடிக்க முடியாது என்று தெரிந்தால், கிளம்பும் நேரத்துக்கு முன்பே அழைத்துத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். கட்டணம் பிடிப்பார்கள்தான், ஆனால் திரும்பும் டிக்கெட் பிழைக்கும். விட்டே விட்டால்கூட வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வர வேண்டிய பணம். கேட்டு வாங்குங்கள், தானாக வராது.

ஹோட்டலில் ஒரு ராத்திரி வீண்

இது மேலே சொன்னதன் தம்பி. 14ஆம் தேதி 23:30க்குக் கிளம்பினால் இறங்குவது 15 காலை ஆறு மணி வாக்கில். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். அதனால் நாலு மணி நேரச் சொச்சம் பறப்பது போகும்போது ஆறரை மணி நேரத்துக்கு மேல் தெரியும், வரும்போது இரண்டு மணி நேரம்கூட இல்லாத மாதிரி இருக்கும். அறையை 14இலிருந்து போட்டால் வானத்தில் இருக்கும் ராத்திரிக்கும் வாடகை. 15இலிருந்து போட்டால் அறை கிடைக்க மதியம் இரண்டு மூன்று ஆகும், பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு லிட்டில் இந்தியா பக்கம் போய் இட்லி சாப்பிட்டு வரலாம். நான் இரண்டாவது கட்சி.

ஊறுகாய், பவர்பேங்க்

ஊறுகாய் செக்-இன் பெட்டியில், பவர்பேங்க் கைப்பையில். மாற்றி வைத்தால் இரண்டும் போச்சு.

கசகசா

குருமாவுக்குக்கூட வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் விவகாரம்.

சிகரெட்

ஒன்றே ஒன்றுக்கும் வரிவிலக்கு கிடையாது. வேப் என்கிற மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம்.

வருகை அட்டைக்குக் காசு கொடுப்பது

சிங்கப்பூருக்குள் நுழைய நாம் நிரப்ப வேண்டிய எஸ்ஜி அரைவல் கார்டு இலவசம். சிங்கப்பூர் குடிவரவுத் துறையின் தளத்திலோ ஆப்பிலோ, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கூகுளில் தேடினால் அரசாங்கத் தளம் மாதிரியே வேஷம் கட்டிய பக்கங்கள் வந்து நிற்கும். என் சிநேகிதர், படித்த மனுஷர், நாலு பேர் குடும்பத்துக்கும் அதில் பணம் கட்டிவிட்டுப் பெருமையாக ரசீதைக் காட்டினார். இது விசா இல்லை என்பதையும் அவருக்கு அப்போதுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இனிஷியல்

நம்மில் பலர் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். டிக்கெட் போடும் தளமோ அதை நிரப்பாமல் விடாது. உடனே கைக்கு வந்தபடி ஒரு இனிஷியலையோ, பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரையோ தட்டிவிடுகிறார்கள், கவுன்டரில் வந்து பெயர் ஒத்துப்போகவில்லை என்று வியர்க்கிறார்கள். இருக்கும் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வது ஒரு வழக்கம், ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டுவதற்கு முன்னால் உதவிப் பக்கத்தில் பாருங்கள், கட்டிய பிறகு ஓர் எழுத்தைத் திருத்தவும் காசு கேட்கலாம்.